அமுதசுரபி இருந்தும் உண்ண ஆளில்லை! பேரிடர் உதவியில் இத்தனை அதிசயங்கள், தெரியுமா?

புங்குடுதீவு குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறினால் கொஞ்ச நேரத்தில் நயினாதீவு. மணிமேகலைக் காப்பியம் சொல்லும் மணிபல்லவம் அதுதான் என்று கருதும் அறிஞர்கள் பலர். கடல் கடந்து பஞ்ச நிவாரணம் கொண்டுபோகப் புறப்பட்ட ஒருவன் கதை அங்கேதான் முடிந்தது, தெரியுமா?

அவன் பெயர் ஆபுத்திரன். கையில் எடுக்க எடுக்கச் சோறு குறையாத அமுதசுரபி! ஆனால் பாண்டிநாட்டில் மழை பெய்து வயல் விளைந்ததும் அவனிடம் சோறு கேட்க ஆளில்லாமல் போயிற்று. சாவக நாட்டில் மழை பொய்த்து உயிர்கள் மடிகின்றன என்று கப்பலில் வந்தவர்கள் சொன்னார்கள். உடனே கப்பலேறினான். வழியில் காற்று மோசமாகி, கப்பல் மணிபல்லவத்தில் ஒதுங்கியது. அவன் கரையிறங்கினான். திரும்ப ஏறிவிட்டான் என்று நினைத்து அவனை விட்டுவிட்டே கப்பல் போய்விட்டது! ஊருக்கே சோறிடும் பாத்திரம் கையில். உண்ண ஒரு வாய் இல்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டான். உண்ணாமல் உயிர் துறந்தான்.

மனமும் இருக்கிறது, பொருளும் இருக்கிறது, சேரவேண்டிய இடம் மட்டும் தப்பிவிட்டது. இன்றைய உலகில் இது எத்தனை தரம் நடந்திருக்கிறது என்று பாருங்கள்!

ஒரு பெட்டிக்கு எத்தனை கைகள்?

ரொறன்ரோவில் கட்டிய ஒரு பெட்டி நெடுந்தீவுக்குப் போகும் வழி தெரியுமா? கப்பலில் கொழும்புத் துறைமுகம். அங்கே சுங்கம். பிறகு லொறியில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தாண்டி யாழ்ப்பாணம். பண்ணைத் தாம்போதி, வேலணை, இன்னொரு தாம்போதி, புங்குடுதீவு, குறிகட்டுவான். அங்கே இறக்கிப் படகில் ஏற்றினால் இன்னும் ஒரு மணி நேரக் கடல்! ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கூலி, ஒவ்வொரு தரிப்புக்கும் நாள். உள்ளே இருப்பதோ பல நேரம் யாழ்ப்பாணக் கடையிலேயே வாங்கக்கூடிய அரிசியும் சவர்க்காரமும்தான். அதே காசை அனுப்பினால் பொருள் சீக்கிரம் சேரும். உள்ளூர்க் கடைக்காரரும் மீண்டு எழுவார்.

விமானத்தையே மறித்த உடுப்புகள்!

1998-இல் ஹொண்டுராஸை மிட்ச் சூறாவளி தாக்கியது. நிவாரணம் ஏற்றி வந்த ஒரு விமானம் தரையிறங்க முடியவில்லை. ஏன்? ஓடுபாதையில் நன்கொடை உடுப்புகள் குவிந்து கிடந்தன! 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் பழந்துணிகள் தெருவோரம் மலையாகக் குவிந்தன. உயிர் தப்பிய மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. அள்ளி அகற்றவே ஆள் போடவேண்டியதாயிற்று. வீடிழந்தவர்களுக்கும் மானம் உண்டு என்பதை மூட்டை கட்டியவர்கள் மறந்துவிட்டார்கள்.

மருந்தே நோயான கதை

1988-இல் ஆர்மேனியாவில் பூகம்பம். உலகம் அனுப்பிய மருந்தும் மருத்துவப் பொருளும் 5,000 தொன்! என்ன வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே 50 பேருக்கு 6 மாதம் பிடித்தது. 8 சதவீதம் வரும்போதே காலாவதி. 4 சதவீதம் பனியில் உறைந்து நாசம். போர்க்கால பொஸ்னியாவில் 17,000 தொன் மருந்து உதவாமல் கிடந்தது. அதை அழிக்க ஆகும் செலவு 3 கோடி 40 இலட்சம் டொலர் என்று கணக்கிட்டார்கள்!

1996-இல் உலக சுகாதார நிறுவனம் விதிகளையே வெளியிட்டது. மருந்து அந்த நாட்டுக்குத் தேவையானதாக இருக்கவேண்டும். அங்குள்ள மருத்துவர்களுக்கு விளங்கும் மொழியில் பெயர் இருக்கவேண்டும். போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருட ஆயுள் மிச்சம் இருக்கவேண்டும். வீட்டு அலுமாரியில் மிஞ்சிய மாத்திரைக்கு இங்கே வேலையே இல்லை.

"போதும், அனுப்பாதீர்கள்!"

உதவி நிறுவனம் ஒன்று காசு வேண்டாம் என்று சொல்லுமா? சொன்னது! எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2005 ஜனவரி தொடக்கத்திலேயே சுனாமி நிதி போதும் என்று அறிவித்தது. மிஞ்சியதை வேறு நாட்டு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்தலாமா என்று கொடுத்தவர்களிடமே கேட்டது. திருப்பிக் கேட்டவர்கள் மிகச் சிலர்தான்.

அந்தக் கணக்கின் மறுபக்கம் இன்னும் திகைக்கவைக்கும். சுனாமியில் பாதிக்கப்பட்ட ஆளுக்கு 7,100 டொலருக்கும் மேல் உதவி சேர்ந்தது. அதே 2004-இல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட ஆளுக்கு? வெறும் 3 டொலர்! தொலைக்காட்சி காட்டிய இடத்துக்குக் காசு பாய்ந்தது. காட்டாத இடம் காய்ந்தது.

மிதக்காத படகுகள்

சுனாமி இலங்கை மீன்பிடிப் படகுகளில் ஏறத்தாழ முக்கால் பங்கை உடைத்தது. உடனே உலகம் படகு கொடுக்கப் பாய்ந்தது. சில இடங்களில் தேவைக்கு மேல் சிறு படகுகள். சில இடங்களில் ஒன்றும் இல்லை. அவசரமாகச் செய்த பல படகுகள் கடலுக்கே உதவாதவை. எந்தக் கரைக்கு எந்தப் படகு என்று அந்தக் கரை மீனவரைக் கேட்டிருந்தால் போதும்!

இறைத்தால் உப்பாகும் கிணறு

பேரிடரில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் வேண்டும் என்பது உதவி உலகின் அளவுகோல். 1,000 பேருக்கு ஒரு நாளுக்கே 15,000 லீற்றர்! இதைப் போத்தலில் அனுப்பி முடியுமா? எனவே கிணறுகளைத் துப்புரவாக்குவதே வழி. அதிலும் ஒரு கண்ணி உண்டு. கடலோரத்தில் நன்னீர் மேலே மெல்லிய படலமாகக் கிடக்கும், கீழே உப்புநீர். சுனாமி புகுந்த கிழக்குக் கரைக் கிணறுகளைச் சுத்தப்படுத்துகிறோம் என்று அளவு மீறி இறைத்தால் உப்பு மேலேறும் என்று நிபுணர்கள் எச்சரிக்கவேண்டியிருந்தது. நல்ல தண்ணிக்கு அலைந்த தீவகத்து மக்களைக் கேட்டால் அவர்களே சொல்லியிருப்பார்கள்!

காசால் முடியாத நேரமும் உண்டு

அப்படியானால் எப்போதும் காசுதானா? அங்கேதான் அடுத்த திருப்பம்! 1990-களில் போர்க்காலத்தில் அரசு விதித்த பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்தில் காசு இருந்தவருக்கும் பற்றரி கிடைக்கவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டார்கள். 2022-இல் இலங்கையிடம் டொலர் தீர்ந்தது. மருந்தும் பால்மாவும் அரிதாயின. அப்போது தமிழ்நாடு அறிவித்தது 40,000 தொன் அரிசி, 500 தொன் பால்மா, அத்துடன் உயிர்காக்கும் மருந்துகள். முதல் கப்பல் மே 18-ஆம் திகதி சென்னையிலிருந்து புறப்பட்டது. அந்த வேளைக்குப் பொருள்தான் சரி.

2025 நவம்பர் இறுதியில் இலங்கையில் டித்வா புயல் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்து, பாலங்களையும் அடித்துச் சென்றது. பாலம் எந்தக் கடையில் விற்கும்? இந்தியா பெய்லி பாலங்களைக் கழற்றிய துண்டுகளாக விமானத்தில் கொண்டுவந்தது! இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியப் பொறியியலாளர் டொனால்ட் பெய்லி வகுத்த முறை அது. கிளிநொச்சி மாவட்டத்தில் 120 அடி நீளப் பாலம் ஒன்று எழுந்தது.

வரி அலுவலகமும் கொடை தரும்!

லண்டனில் வரி கட்டுபவர் பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்துக்கு 'கிஃப்ட் எய்ட்' முறையில் 100 பவுண் கொடுத்தால், அரசு 25 பவுண் சேர்த்துக் கொடுக்கிறது. பிரான்சில் தகுதிபெற்ற அமைப்புக்கு 100 யூரோ கொடுத்தால், வருமான வரம்புக்குள் 66 யூரோ வரியில் கழியும். சுனாமி நேரத்தில் கனடா அரசு மக்கள் கொடுத்ததற்குச் சரிசமமாகத் தானும் போட்டது! பதிவும் கணக்கும் ஒழுங்காக இருந்தால்தான் இதெல்லாம் கிடைக்கும். பன்னிரண்டு வட்டாரப் புங்குடுதீவுக்காக வெளிநாடுகளில் இயங்கும் ஊர்ச் சங்கங்களுக்கு இது பெரிய வாய்ப்பு.

அடுத்த புயலோ பூகம்பமோ எந்த நாட்டில் வந்தாலும், பெட்டி கட்டுமுன் அங்கிருக்கும் ஒருவரிடம் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று: "கடையில் சாமான் இருக்கிறதா?" இருக்கிறது என்றால் காசை அனுப்புங்கள். இல்லை என்றால், எது இல்லை என்று கேட்டு அதை மட்டும் அனுப்புங்கள்!