தடயம் நடந்து வந்த பாதை

துப்பறியும் கதை என்றதும் உங்கள் நினைவுக்கு வருபவர் யார்? பூதக்கண்ணாடியும் புகைக்குழாயுமாக நிற்கும் ஷெர்லாக் ஹோம்ஸா? அல்லது நம் தமிழ்வாணனின் சங்கர்லாலா? இதே கேள்வியை ஜப்பானில் கேட்டால், பலர் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லக்கூடும். அவள் பெயர் மரிகோ.

மரிகோ உண்மையான பெண் அல்ல. தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் கதாநாயகி. 1999-ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானின் அசாஹி தொலைக்காட்சி 'கஸோகென் நோ ஒன்னா' என்ற துப்பறியும் தொடரைத் தொடங்கியது. காவல்துறையின் அறிவியல் புலனாய்வு ஆய்வகத்தைத்தான் ஜப்பானியர் சுருக்கமாகக் 'கஸோகென்' என்கிறார்கள். 'ஒன்னா' என்றால் பெண். ஆக, 'ஆய்வகத்துப் பெண்' என்று பொருள். யசுகோ சவகுச்சி என்ற நடிகை மரிகோவாக நடித்த இத்தொடர், கால் நூற்றாண்டைத் தொடும் அளவுக்குப் புகழ் பெற்றது. 2021-இல் திரைப்படமாகவும் வந்தது.

கதை நடக்கும் இடம் கியோத்தோ நகரம். மரிகோவின் ஆயுதம் துப்பாக்கி அன்று. நுண்ணோக்கியும் சோதனைக் குழாயுமே. ஒரு துளி இரத்தம், ஒரு நூலிழை, செருப்பில் ஒட்டிய மண் ஆகியவற்றைக் கொண்டு அவள் உண்மையைத் தேடுகிறாள். ஒரு மணி நேரத்தில் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது.

ஆனால் இத்தகைய தொடர்கள் ஒரு கட்டத்தைப் பெரும்பாலும் வேகமாகத் தாண்டிவிடுகின்றன. குற்றம் நடந்த இடத்தில் எடுத்த தடயம், ஆய்வக மேசைக்கு எப்படி வந்தது? யார் எடுத்தார்? யார் கொண்டு வந்தார்? இடையில் எங்கே இருந்தது? கதையில் இது சலிப்பூட்டும் கேள்வி. ஆனால் நம் தேனி மாவட்டத்தில் ஒரு மனிதனின் உயிர் இந்தக் கேள்வியில்தான் தொங்கியது. அந்தச் செய்திக்குப் போகுமுன், கொஞ்சம் அறிவியலைப் பார்த்துவிடுவோம்.

நம் நாட்டு ஆய்வகங்கள்

தடய அறிவியல் நமக்குப் புதிதன்று. இந்தியாவின் முதல் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-ஆம் ஆண்டிலேயே சென்னையில் அமைந்தது. நஞ்சு கொடுத்துக் கொன்றார்களா என்று கண்டறிவது அக்காலத்தில் இத்தகைய ஆய்வகங்களின் முக்கிய வேலை. ஆய்வகத்துப் பெண்ணும் நமக்கு வெறும் கதையன்று. ருக்மணி கிருஷ்ணமூர்த்தி 1974-இல் மும்பைத் தடய அறிவியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து, மகாராஷ்டிர மாநிலத் தடய அறிவியல் ஆய்வகங்கள் அனைத்துக்கும் இயக்குநரானார்.

பிரெஞ்சு நாட்டின் லியோன் நகரில் 1910-இல் காவல்துறை ஆய்வகம் ஒன்றை நிறுவியவர் எட்மண்ட் லொக்கார்ட். அவர் பெயரால் வழங்கும் விதி மிக எளியது. இரண்டு பொருள்கள் தொட்டுக்கொண்டால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏதாவது ஒட்டிக்கொள்ளும். திருடன் வீட்டுக்குள் வந்தால் தன் தலைமுடியை விட்டுச் செல்வான். வீட்டுத் தூசியை எடுத்துச் செல்வான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இந்த விதி திருடனுக்கு மட்டும் உரியதன்று. தடயத்தைத் தேடி வரும் காவலருக்கும், அதைச் சுமந்து செல்பவருக்கும், ஆய்வகத்தில் பிரிப்பவருக்கும் அதே விதிதான்!

ஒன்று நூறு கோடியாகும் விதம்

1984-ஆம் ஆண்டு செப்டம்பரில், இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் என்ற அறிவியலார் டி.என்.ஏ. கொண்டு ஆளை அடையாளம் காணும் வழியைக் கண்டார். இந்தியாவில் ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங் இத்துறையை வளர்த்தார். கட்டுவிரியன் குடும்பத்துப் பாம்பு ஒன்றின் டி.என்.ஏ.வை ஆராய்ந்ததிலிருந்தே அவருக்கு அந்த வழி கிடைத்தது என்பது சுவையான செய்தி.

நம் உயிரணுவின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ.வில் சுமார் 300 கோடி 'எழுத்து' இணைகள் இருக்கின்றன. எந்த இரு மனிதருக்கும் இவற்றில் ஏறத்தாழ 99.9 சதவீதம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சில இடங்களில் ஒரு சிறு 'சொல்' மீண்டும் மீண்டும் வருகிறது. உங்களிடம் ஓரிடத்தில் அது 8 முறை வரலாம். உங்கள் நண்பரிடம் 12 முறை வரலாம். ஓரிடத்தை மட்டும் பார்த்தால் பலர் ஒத்துப்போவார்கள். இருபது இடங்களை ஒப்பிட்டால், ஒரே கருவில் உருவான இரட்டையரைத் தவிர மற்ற இருவர் முழுவதும் ஒத்துப்போவது மிக மிக அரிது.

தடயத்தில் கிடைப்பதோ சில உயிரணுக்கள்தாம். ஆகவே அவற்றின் டி.என்.ஏ.வை முதலில் நகல் எடுத்துப் பெருக்குகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அது இரட்டிப்பாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1, 2, 4, 8 என்று போனால் பத்தாவது சுற்றில் 1,024, முப்பதாவது சுற்றில் 107 கோடிக்கு மேல்! கண்ணுக்குத் தெரியாத தடயமும் பேசத் தொடங்கிவிடும்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. நகல் எடுக்கும் முறைக்குக் குற்றவாளி யார், தும்மியவர் யார் என்று தெரியாது. தவறி விழுந்த வேறொருவரின் உயிரணுவையும் அது அதே விசுவாசத்துடன் பெருக்கிக் காட்டும்.

முகமில்லாத பெண்

ஜெர்மனியில் ஒரு விந்தை நடந்தது. 2007-இல் ஹைல்பிரான் நகரில் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த தடயத்தில் ஒரு பெண்ணின் டி.என்.ஏ. இருந்தது. அதே டி.என்.ஏ. 1993-இல் நடந்த ஒரு கொலையின் தடயத்திலும் இருந்தது! ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் ஆகிய மூன்று நாடுகளில், கொலை முதல் திருட்டு வரை சுமார் 40 இடங்களில் அவள் 'வந்து போயிருந்தாள்'. ஆனால் அவளைக் கண்டவர் எவருமில்லை. 'முகமில்லாத பெண்' என்று பத்திரிகைகள் எழுதின. அவளைப் பிடித்துத் தருவோருக்குப் பெரும் பரிசும் அறிவித்தார்கள்.

2009-இல் ஓர் ஆணின் ஆவணத்தைச் சோதித்தபோது, அதிலும் அவளுடைய டி.என்.ஏ. கிடைத்தது. ஆணின் காகிதத்தில் அவள் எப்படி வந்தாள்? அப்போதுதான் சந்தேகம் பஞ்சுக்குச்சியின் மீது திரும்பியது. ஆம், தடயத்தைத் துடைத்து எடுக்கும் அதே பஞ்சுக்குச்சிதான்! அதைப் பொதி செய்யும் ஆலையில் வேலை பார்த்த ஓர் அப்பாவிப் பெண்ணின் டி.என்.ஏ.தான் அத்தனை இடங்களிலும் கிடைத்திருந்தது. குச்சிகளைக் கிருமி நீக்கம் செய்திருந்தார்கள் என்பது உண்மையே. ஆனால் கிருமி நீக்கம் கிருமியைக் கொல்லும், ஒட்டியிருக்கும் டி.என்.ஏ.வை அகற்றிவிடாது.

மரிகோவின் நாட்டிலும் கசப்பான பாடம் ஒன்று உண்டு. 1990-இல் அஷிகாகா நகரில் ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். டி.என்.ஏ.வின் ஒரே ஓர் இடத்தை மட்டும் ஒப்பிட்ட பழைய சோதனையை நம்பி, ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். 2009-இல் புதிய முறையில் மறுசோதனை செய்தபோது அவருடைய டி.என்.ஏ. பொருந்தவில்லை. பதினேழு ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்த அவர், 2010-இல் குற்றமற்றவர் என்று தீர்ப்பளிக்கப்பட்டார். அவர் இழந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

சுருளி அருவியில் நடந்தது

இனி கம்பம் பள்ளத்தாக்குக்கு வருவோம். 2011-ஆம் ஆண்டு மே மாதம் சுருளி அருவிக்குச் சென்ற இளம் ஜோடி ஒன்று வீடு திரும்பவில்லை. சில நாட்களுக்குப் பின் இருவரின் உடல்களும் காட்டில் கிடைத்தன. ஒருவர் கைது செய்யப்பட்டார். டி.என்.ஏ. சோதனை அவருக்கு எதிரான முக்கியச் சான்றாக வைக்கப்பட்டது. தேனி நீதிமன்றம் 2018-இல் மரண தண்டனை விதித்தது. 2019-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை உறுதி செய்தது.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2025-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள், மூன்று நீதிபதிகள் அடங்கிய அமர்வு அவரை விடுதலை செய்தது. ஏன்?

டி.என்.ஏ. அறிவியல் பொய் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. தடயம் வந்த பாதையைத்தான் அது கேட்டது. மாதிரிகளை எடுத்ததற்கும் அவை ஆய்வகம் சேர்ந்ததற்கும் இடையே விளக்கப்படாத தாமதம் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் அவை யார் பொறுப்பில் இருந்தன என்பது தெளிவாக மெய்ப்பிக்கப்படவில்லை. வேறு எதுவும் கலந்திருக்காது என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. மற்றச் சாட்சியங்களும் ஒன்றோடொன்று பொருந்தி ஒரு முழுச் சங்கிலியாகவில்லை. அறுந்த சங்கிலியை நம்பி ஓர் உயிரைத் தூக்கிலிட முடியுமா?

இதன் மறுபக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். இரண்டு குடும்பங்கள் தம் பிள்ளைகளை இழந்தன. கொன்றவர் யார் என்ற கேள்விக்கு, நீதிமன்றத்தில் நிலைத்து நிற்கும் விடை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தடயத்தின் பாதை அறுந்தால், குற்றம் சாட்டப்பட்டவருக்கும் துன்பம், இழந்தவர்களுக்கும் துன்பம்.

ஒரு சாதாரணப் பதிவேடு

அந்தத் தீர்ப்பிலேயே, இனி நாடு முழுவதும் டி.என்.ஏ. மாதிரிகளை எப்படிக் கையாள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வகுத்தளித்தது. மாதிரியை உரிய முறையில் பொதிந்து, வழக்கு எண், நாள், காவல் நிலையம், விசாரணை அதிகாரி ஆகிய விவரங்களை எழுத வேண்டும். எடுத்த 48 மணி நேரத்துக்குள் அது தடய அறிவியல் ஆய்வகத்தைச் சென்றடைய வேண்டும். தாமதமானால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். வழக்கு நடக்கும் காலத்தில் நீதிமன்றத்தின் அனுமதியின்றி அந்தப் பொதியைத் திறக்கவோ, மாற்றவோ, மீண்டும் முத்திரையிடவோ கூடாது. மாதிரி எடுத்ததிலிருந்து வழக்கு முடியும் வரை, அது கைமாறும் ஒவ்வொரு முறையும் ஒரு பதிவேட்டில் குறிக்க வேண்டும்.

விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா, நேர்மையான கையெழுத்து ஆகிய மூன்றும் போதும். இவை இல்லாவிட்டால், கோடி ரூபாய்க் கருவி சொல்லும் விடையும் நீதிமன்றத்தில் நிற்காது.

பொட்டிப்புரம் மலையும் இதே கவலையும்

தேவாரத்துக்கு அருகிலுள்ள பொட்டிப்புரத்தை நீங்கள் அறிவீர்கள். அங்கே மலையைக் குடைந்து, நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் கூடம் அமைக்கத் திட்டமிட்டார்கள். மக்கள் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் அது கட்டப்படவில்லை. திட்டத்தின் நன்மை தீமைகள் தனியே பேச வேண்டியவை. ஆனால் மலையை ஏன் தேடினார்கள் என்பது நம் கதையோடு ஒட்டியது. விண்ணிலிருந்து வரும் வேறு துகள்கள் ஓயாமல் நம்மீது பொழிகின்றன. அவை கருவியில் பட்டால் பொய்ச் சாட்சி சொல்லும். ஒரு கிலோமீட்டர் பாறை அவற்றைப் பெருமளவு தடுத்து நிறுத்தும். நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும். ஜப்பானின் கமியோகா சுரங்கத்தில் 1,000 மீட்டர் ஆழத்தில், 50,000 டன் நீர் நிரம்பிய தொட்டி வைத்திருப்பதும் இதற்காகவே. 1998-இல் நியூட்ரினோக்கள் வகை மாறுகின்றன என்று அங்கே கண்டறிந்தார்கள்.

பொருள் வேறானாலும், தடய அறிவியலாரும் இயற்பியலாரும் அஞ்சுவது ஒன்றுக்கே: வேண்டாதது கலந்துவிடக் கூடாது.

செய்து பாருங்கள்

தேவையானவை: மஞ்சள் தூள், மூன்று வெள்ளைத் துணித் துண்டுகள், சலவைச் சோப்புக் கரைத்த நீர். நான்கு நண்பர்கள் கைகளைக் கழுவி, இலேசான ஈரத்துடன் வரிசையாக நில்லுங்கள். முதல் துணியில் எதையும் துடைக்காமல் சோப்பு நீரைத் தெளியுங்கள். அது நிறம் மாறாவிட்டால் உங்கள் துணி சுத்தமானது. இப்போது முதலாமவர் மட்டும் மஞ்சளைத் தொட்டு, இரண்டாமவருடன் கைகுலுக்கட்டும். இரண்டாமவர் மூன்றாமவருடனும், மூன்றாமவர் நான்காமவருடனும் கைகுலுக்கட்டும். மூன்றாமவரும் நான்காமவரும் தனித்தனித் துணியில் கையைத் துடைத்தபின், அவற்றின்மேல் சோப்பு நீரைத் தெளியுங்கள். மஞ்சள் பட்ட இடம் காரத்தினால் செந்நிறமாகும்.

மூன்றாமவர் மஞ்சள் டப்பாவைத் தொடவே இல்லை. ஆனால் அவர் துணி சிவந்தால், பார்ப்பவர் என்ன முடிவுக்கு வருவார்? நான்காமவரின் துணியும் சிவந்ததா? யார் யாருடன் கைகுலுக்கினார், எந்த வரிசையில் என்று ஒருவர் எழுதி வைத்திருந்தால் மட்டுமே உண்மை விளங்கும். முதல் துணியைச் சோதிக்காமல் தொடங்கியிருந்தால், முகமில்லாத பெண்ணைத் தேடி நீங்களும் அலைந்திருப்பீர்கள்!

உங்களில் சிலர் நாளை தடய அறிவியல் படிக்கலாம். மரிகோவைப்போல் வெள்ளை மேலங்கி அணிந்து நுண்ணோக்கியின் முன் அமரலாம். அதற்கான பயிற்சியை இன்றே பள்ளி ஆய்வகத்தில் தொடங்குங்கள். சோதனைக் குழாயில் பெயர் ஒட்டுங்கள். நாளும் நேரமும் எழுதுங்கள். விடை தவறாக வந்தால் அழித்துத் திருத்தாமல், வந்தது வந்தபடியே குறியுங்கள். உங்கள் குறிப்பேட்டின் ஒரு வரி, என்றோ ஒரு நாள் ஒரு மனிதனின் உயிரைக் காக்கலாம்.