சட்டையோடு வரும் சில்லு

மீன்சுருட்டியிலிருந்து திருச்சிக்குப் போகும் கார், மணகெதி சுங்கச்சாவடியில் சில்லறை எண்ணாமல் கடந்துவிடுகிறதென்றால் முன்கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்தான் காரணம். அதில் பேட்டரி கிடையாது. சாவடிக் கருவி அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் சில்லு தன் எண்ணைச் சொல்லும். இந்த ஆர்.எஃப்.ஐ.டி. நுட்பம்தான் டெகாத்லான் போன்ற பெரிய கடைகளின் விலைச்சீட்டிலும் இருக்கிறது. அப்படியொரு சீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், பிளாஸ்டிக் படலத்தின்மேல் கோலம்போல வளைந்தோடும் உலோகக் கோடும், நடுவே கடுகைவிடச் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளியும் தெரியும். கோடு ஆன்டெனா, புள்ளி சிலிக்கான் சில்லு. கண்ணாடியில் இருப்பது ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. சட்டையில் இருப்பதன் வேலை பில் போட்டதும் முடிந்துபோகிறது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே சரக்கு என்பதுதான் எனக்கு இடறுகிறது.

லண்டன் ராயல் கலைக் கல்லூரியும் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்து நடத்தும் வடிவமைப்புப் படிப்பில் முளைத்த பல்பாட்ரானிக்ஸ் நிறுவனம் கைவைத்திருப்பது இந்த இடத்தில்தான். உலோகமும் வேண்டாம், சில்லும் வேண்டாம் என்கிறார்கள். தாளின் மேற்பரப்பை லேசர் கதிரால், பற்றி எரிந்துவிடாத பக்குவத்தில் கருக்கினால், கருகிய கோடு மின்சாரம் கடத்தும் கரியாகிவிடும். தகவலைச் சில்லுக்குப் பதில் அந்தக் கோட்டின் வடிவத்திலேயே வைத்துவிடலாம். கரியமில வாயு 70 சதவீதம் குறையும், விலையும் பாதியாகும் என்பது நிறுவனத்தின் கணக்கு. விற்கிறவர் போடும் கணக்கு என்பதை மனதில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

ஒரு கிராம்கூடத் தேறாத சீட்டுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். 2023இல் மட்டும் உலகில் விற்பனைக்குப் போன இவ்வகைச் சில்லுகள் சுமார் 4,480 கோடி. மறுசுழற்சி செய்தால் போயிற்றே என்பதும் எடுபடாது. 2022இல் உலகில் சேர்ந்த 6.2 கோடி டன் மின்னணுக் குப்பையில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். காசு பெறும் பழைய போனுக்கும் கம்ப்யூட்டருக்குமே இந்த கதி என்றால், துணிச்சீட்டின் அலுமினியத்தைப் பிரித்தெடுக்கப் பழைய பேப்பர்காரர் எவர் மெனக்கெடுவார்?

வலுவான ஆட்சேபம் வேறு. சில்லில்லாத தாள் கொஞ்சம் தகவலைத்தான் தாங்கும். அதைத் தொலைவிலிருந்து படிப்பதும் கடினம். ஓடும் காரில் பணம் பிடிக்க அது உதவாது. உண்மைதான். அதனால் ஃபாஸ்டேக்குக்கு வைத்தியம் தாள் அல்ல, நீண்ட ஆயுள். ரிசர்வ் வங்கியின் நடவடிக்கையால் 2024 மார்ச் 15க்குப் பிறகு பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கியின் ஃபாஸ்டேக்கில் பணம் ஏற்ற முடியாமல் போனது. மீதமிருந்த தொகை தீர்ந்ததும், நன்றாக வேலை செய்த வில்லைகளை உரித்துவிட்டு வேறு வங்கியின் வில்லையை ஒட்ட வேண்டியிருந்தது. ஒரு வண்டியின் வில்லையை இன்னொன்றில் ஒட்டி ஏமாற்றக்கூடாது என்பதற்காக, உரித்தால் கெட்டுப்போகும்படிதான் அதைச் செய்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இங்கே வண்டி மாறவில்லை, சில்லும் பழுதாகவில்லை. மாறியது வங்கிக் கணக்கு மட்டுமே.