புண் ஆற்றும் படைக்கும் வயதாகிறது

மாரடைப்பு கண்ட ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறார். அடைபட்ட ரத்தக் குழாயை டாக்டர்கள் திறந்து, அது மறுபடியும் மூடிக்கொள்ளாதபடி 'ஸ்டென்ட்' என்னும் கம்பிவலைக் குழாயைப் பொருத்திவிடுகிறார்கள். நெஞ்சு வலி நின்றுவிடுகிறது. மூன்றாம் நாள் எழுந்து நடக்கிறார். "பெரிய கண்டம் தப்பியது" என்று உறவினர் ஆறுதல் அடைகிறார்கள்.

கண்டம் தப்பியது வாஸ்தவம்தான். ஆனால் அந்த மூன்றாம் நாளில் அவருடைய இருதயத்துக்குள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தால், யாரும் அவ்வளவு நிம்மதியாக இருக்கமாட்டார்கள். ரத்தம் கிடைக்காமல் மடிந்த தசை ஒரு பக்கம். அதை அரித்துத் தின்று அப்புறப்படுத்த வந்திருக்கும் வெள்ளை அணுக்களின் பட்டாளம் ஒரு பக்கம். அந்த இடமே வீங்கி மெத்தென்று ஆகியிருக்கிறது. இதற்குத்தான் அழற்சி என்று பெயர். விரலில் முள் குத்தினால் சிவந்து வீங்குகிறதே, அதே காரியம்தான். ஒரு நிமிஷமும் ஓயாமல் துடிக்கும் உறுப்பில் நடக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

அந்தக் காரியம் காலாகாலத்தில் தொடங்கிக் காலாகாலத்தில் முடிந்தால் நோயாளி பிழைத்ததோடு நலமாகவும் இருப்பார். இடையில் கெட்டால் சில மாதங்களில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும், கால் வீங்கும். ஒரே அளவு சேதத்தோடு 45 வயதுக்காரரும் 75 வயதுக்காரரும் வீடு திரும்பினால் இருவருடைய பின்கதையும் ஒன்றாக இருப்பதில்லை. இருதயத்துக்கு வயதானது மட்டும் இதற்குக் காரணமல்ல. அதைப் பழுதுபார்க்க வரும் படைக்கும் வயதாகியிருக்கிறது.

தழும்புதான் கதி

கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் மீண்டும் வளர்ந்துவிடும். இருதயத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இதை நிரூபித்த விதம் வெகு விநோதமானது. 1963-ம் ஆண்டில் ஒப்பந்தம் ஏற்படும் வரை வல்லரசுகள் ஆகாயத்தில் வெடித்துப் பரீட்சித்த அணுகுண்டுகளால் காற்றில் ஒருவகைக் கதிரியக்கக் கார்பன் பெருகி, பிறகு படிப்படியாகக் குறைந்தது. உணவு வழியாக அது எல்லோருடைய உடம்பிலும் புகுந்தது. ஓர் உயிரணு எந்த வருஷம் பிறந்ததோ அந்த வருஷத்துக் கார்பன் அளவு அதன் மரபுப் பொருளில் முத்திரை குத்தியதுபோல் பதிந்திருக்கும். ஸ்டாக்ஹோம் நகரில் யோனாஸ் ஃப்ரீசன் என்பவரும் சகாக்களும் இந்த முத்திரையைக் கொண்டு இருதயத் தசை அணுக்களின் வயதைக் கணக்கிட்டு 2009-ல் வெளியிட்டார்கள். 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் நூற்றில் ஒரு பங்குதான் புதிதாகிறது. 75 வயதில் அதில் பாதிகூட இல்லை. குண்டு வெடித்தவர்கள் இப்படி ஓர் உபயோகத்தைக் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள்.

ஆகவே மடிந்த தசைக்குப் பதிலாகத் தசை முளைக்கப்போவதில்லை. அங்கே உறுதியான ஒரு தழும்பு உண்டாகவேண்டும். தழும்பு கட்டுமுன் முதல் வாரத்தில் இருதயச் சுவரே கிழிந்துபோவதுண்டு. அது அபூர்வம். தழும்பு பலவீனமாகி, இருதயம் நாளடைவில் பலூன்போல் விரிந்து தளர்ந்துபோவதுதான் அதிகம்.

இரண்டு கோஷ்டிகள்

வெள்ளை அணுக்கள் காயத்தைத் தேடிச் செல்கின்றன என்பதை எடுத்துக்காட்டியவர் இலியா மெச்னிகாஃப் என்ற ருஷ்ய விஞ்ஞானி. 1882-ம் ஆண்டில் ஸிஸிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் இருந்தபோது, கண்ணாடிபோல் உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ஒரு முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி நடமாடும் உயிரணுக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன! 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இருதயத்தில் இந்த நாடகம் இரண்டு அங்கங்களாக நடக்கிறது. சில மணி நேரத்துக்குள் முதலில் வந்து சேர்பவை நியூட்ரோபில் என்ற முரட்டுச் சிப்பாய்கள். இவை மடிந்ததைக் கரைக்கின்றன. அந்த வேகத்தில் பக்கத்திலுள்ள நல்ல தசையையும் கொஞ்சம் பதம் பார்த்துவிடுகின்றன. பின்னாலேயே மோனோசைட் என்ற பெரிய அணுக்கள் வருகின்றன. இவற்றில் இரண்டு கோஷ்டிகள் உண்டென்று பாஸ்டன் நகரில் மத்தியாஸ் நாரெண்டார்ஃப் குழுவினர் 2007-ல் எலிகளிடம் கண்டார்கள். முதல் கோஷ்டி இடிபாட்டைத் தின்கிறது. சில நாள் கழித்து வரும் இரண்டாவது கோஷ்டி அழற்சியைத் தணித்து, புது ரத்தக் குழாய்களும் தழும்பு நார்களும் உண்டாகத் துணைசெய்கிறது. இவற்றில் பெரும் பகுதி அவசரத்துக்கென்று மண்ணீரலில் முன்கூட்டியே சேமித்துவைக்கப்பட்டவை என்பது 2009-ல் தெரியவந்தது. பெரிய பிரயோஜனம் இல்லாத உறுப்பு என்று பலரும் எண்ணியிருந்த மண்ணீரல், மாரடைப்புக்கு ரிசர்வ் படை அனுப்புகிறது!

எலி வேறு, மனிதர் வேறு என்று ஆட்சேபிக்கலாம். அதே 2009-ல் ஜப்பானிய டாக்டர்கள் மாரடைப்பு நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, அங்கும் முதல் கோஷ்டி மூன்றாம் நாளை ஒட்டியும், இரண்டாவது ஐந்தாம் நாளை ஒட்டியும் உச்சமடைவது தெரிந்தது. முதல் கோஷ்டி அளவு மீறித் திரண்டவர்களுக்கு இருதயத்தின் பலம் குறைவாகவே மீண்டது.

அப்படியானால் அழற்சியை அடக்கிவிட்டால் போதாதா? இந்த யோசனை பழையது. 1970-களில் ஸ்டீராய்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். சேதம் குறையவில்லை, தழும்பு கட்டுவது தடைப்பட்டு இருதயச் சுவர் மெலிந்துவிடுமோ என்ற பயம்தான் மிஞ்சியது. குப்பை அள்ள வந்தவர்களை வாசலிலேயே விரட்டிவிட்டால், கொத்தனார் எங்கே நின்று கட்டுவது? இப்யூப்ரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை மாரடைப்பு வந்தவர்கள் கடையில் தாமாக வாங்கி விழுங்கக்கூடாதென்று டாக்டர்கள் இன்று எச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மூட்டு வலி உள்ள முதியவர்கள் இதை அவசியம் கவனிக்கவேண்டும்.

முதுமையில் என்ன கெடுகிறது?

வயதானால் நோய் எதிர்ப்பு சக்தி குறைகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். விஷயம் அதைவிடச் சிக்கலானது. படைக்குப் பயிற்சி தரும் தைமஸ் என்னும் சுரப்பி இளமையிலிருந்தே சுருங்கத் தொடங்கி, முதுமையில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடுகிறது. புதிய எதிரியைச் சமாளிக்கும் திறமை இதனால் குறைகிறது. ஆனால் அதே உடம்பில், எந்தக் காயமும் இல்லாமலே ஒரு மெல்லிய அழற்சி நீறு பூத்த நெருப்பாக எந்நேரமும் கனன்றுகொண்டிருக்கிறது. இத்தாலிய நிபுணர் கிளாடியோ ஃப்ரான்செஸ்கி 2000-ம் ஆண்டில் அழற்சியையும் முதுமையையும் சேர்த்து ஒரே சொல்லாக்கி இதற்குப் பெயரிட்டார். தேவையில்லாதபோது எரிகிறது, தேவைப்படும்போது சரியாகப் பற்றிக்கொள்வதில்லை!

இரண்டாவது குறையை 2008-ல் அமெரிக்காவில் ஃப்ராங்கோயியானிஸ் என்பவரின் குழு கண்கூடாகக் காட்டியது. கிழட்டு எலிகளுக்கு மாரடைப்பை உண்டாக்கியபோது வெள்ளை அணுக்கள் குறைவாக வந்தன. செத்த தசை வெகுநாள் அப்படியே கிடந்தது. தழும்பில் நார்ச்சத்து போதவில்லை. இருதயம் இளம் எலிகளுடையதைவிட அதிகமாக விரிந்துவிட்டது.

எலும்பு மஜ்ஜையிலும் ஒரு விபரீதம் நேர்கிறது. ரத்தத்தை உற்பத்தி செய்யும் தாய் அணுக்களில் ஏதோ ஒன்று, வயதான காலத்தில் மரபுப் பிழை ஒன்றைப் பெற்றுத் தன் வம்சத்தை மட்டும் பெருக்கிக்கொள்கிறது. இது புற்றுநோய் அல்ல. வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. 70 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்காவது இது உண்டென்று 2014-ல் தெரிந்தது. இந்த வம்சத்து வெள்ளை அணுக்கள் சண்டைக்காரர்கள். இப்படிப்பட்டவர்களுக்கு இருதய ரத்தக் குழாய் நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம் என்று 2017-ல் கண்டார்கள். மாரடைப்புக்குப் பின் இருதயம் தளர்ந்துபோனவர்களை ஃப்ராங்க்ஃபர்ட் நகரில் ஆராய்ந்து 2019-ல் வெளியான முடிவு இன்னும் கடுமையானது: இந்தப் பிழை உள்ளவர்களே அதிகம் இறந்தார்கள்.

கார்த்திகைப் பூவின் மருந்து

மருந்துக்கான பெரிய பரீட்சையின் முடிவு 2017-ல் வெளியாயிற்று. முன்பே மாரடைப்பு வந்து, ரத்தத்தில் அழற்சியின் அறிகுறியும் நீடித்த 10,061 பேரிடம் கனாகினுமாப் என்ற ஊசி மருந்தைச் சோதித்தார்கள். இது அழற்சியைத் தூண்டும் ஒரே ஒரு ரசாயனத் தூதனை மட்டும் பிடித்துக் கட்டுவது. நடுத்தர அளவு ஊசியில் மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் எல்லாம் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. ஆனால் தொற்றுநோயால் இறந்தவர்கள் கூடினார்கள். மொத்த மரணத்தில் வித்தியாசமே இல்லை. காவற்காரனைக் கட்டிப்போட்டால் திருடனுக்குச் சௌகரியம்தானே!

அடுத்தது கோல்கிசீன். வாதரத்த வலிக்கு வெகு காலமாக வழங்கும் மலிவான மருந்து. வெள்ளை அணுக்களின் நடமாட்டத்தைத் தளர்த்துவது இதன் குணம். நம் மாநில மலரான செங்காந்தள் விதையிலிருந்தும் இது கிடைக்கிறது. திண்டுக்கல், கரூர் பக்கங்களில் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் குடியானவர்கள் பயிரிடுவது இதற்காகவேதான். (கிழங்கும் விதையும் கொடிய விஷம்; கைவைத்தியம் பார்க்க யாரும் முயலவேண்டாம்.) மாண்ட்ரியலில் இருந்து நடத்தி 2019-ல் வெளியிட்ட சோதனையில், மாரடைப்பு வந்து 30 நாளுக்குள் இம்மருந்தைத் தொடங்கியவர்களில் 5.5 சதவீதம் பேருக்கு மறுபடியும் இருதய ஆபத்துகள் வந்தன; வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 7.1 சதவீதம். எல்லோரும் மகிழ்ந்தார்கள். 2024-ல் 7,062 பேரிடம் நடந்த இன்னொரு சோதனை அந்த மகிழ்ச்சியில் மண்ணைப் போட்டது: 9.1-க்கு 9.3. வித்தியாசம் இல்லையென்றே அர்த்தம்.

இந்த முரண்பாட்டுக்குப் பல சமாதானங்கள் கூறுகிறார்கள். அழற்சி மிதமிஞ்சியவர், தேவைக்கும் குறைந்தவர் என்று பிரித்துப் பாராமல் எல்லோருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்தால் பலன் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும் என்பது இவற்றில் பொருத்தமாகத் தோன்றுகிறது. கிழட்டு எலிகள் சொன்னதும் ஏறக்குறைய இதுவே.

படையை அடக்குவதற்குப் பதில் அதன் வேலையைக் குறைப்பது இன்னொரு மார்க்கம். இன்ஃப்ளுயன்ஸா ஜுரம் உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு அபாயம் ஆறு மடங்காகிறது என்று கனடாவின் ஒன்டாரியோ மாகாணக் கணக்குகள் 2018-ல் காட்டின. ஸ்வீடன் டாக்டர்கள் தலைமையில் பங்களாதேஷ் உட்பட எட்டு நாடுகளில், பெரும்பாலும் மாரடைப்பு நோயாளிகளான 2,571 பேரில் பாதிப்பேருக்கு, இருதயச் சிகிச்சை நடந்து மூன்று நாட்களுக்குள் அந்த ஜுரத்துக்கான தடுப்பூசி போட்டார்கள். மற்றவர்களுக்கு வெறும் உப்பு நீர். 2021-ல் முடிவு வந்தது. ஓராண்டில் தடுப்பூசிக்காரர்களில் இறந்தவர் 2.9 சதவீதம்; மற்றவர்களில் 4.9 சதவீதம். அந்த ஊசிக்கு ஆன நேரம் ஒரு நிமிஷம். ஆஸ்பத்திரியை விட்டு வருமுன் அதைப் பற்றி டாக்டரிடம் கேட்க வீட்டாருக்கும் அதற்கு மேல் ஆகாது.