குடும்ப ஓய்வூதியத்தை டிரஸ்ட் பெயரில் எழுத முடியுமா?

அரசு ஊழியர் இறந்தபின் வரும் குடும்ப ஓய்வூதியத்தை ஒரு டிரஸ்டுக்கு எழுதிவைக்க இந்தியச் சட்டத்தில் வழியில்லை. இனி வரவேண்டிய ஓய்வூதியத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் எந்த ஏற்பாடும் செல்லாது என்கிறது 1871ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. உயிலும் எடுபடாது. ரயில்வே ஊழியர் ஒருவரின் உயில் தொடர்பான வயலட் ஐசக் வழக்கில், குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்தில் சேராது, எனவே உயிலுக்குள் வராது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் யாருக்கு என்பதை விதியே முடிவு செய்கிறது: முதலில் கணவன் அல்லது மனைவி, அவருக்குப் பின் தகுதியுள்ள பிள்ளைகள்.

அந்தப் பணத்தைப் பங்காளிகள் பறித்துக்கொள்ளாமல் காக்கும் விதி இது, நல்ல விதிதான். ஆனால் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோருக்கு இது பாதி வழிதான் காட்டுகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஒன்றியப் பள்ளித் தலைமையாசிரியர் ஓய்வுபெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகனுக்கு 30 வயது. கையெழுத்துப் போடத் தெரியாது, ரூபாய் நோட்டை எண்ணவும் தெரியாது. சம்பாதிக்க இயலாத மகன் என்பதால் தாய் தந்தை இருவருக்கும் பிறகு ஓய்வூதியம் ஆயுள் முழுக்க அவனுக்கு வரும். அந்தப் பணத்தை வாங்கிச் செலவு செய்யப்போவது யார்?

அதற்குச் சட்டம் காட்டும் ஆள் காப்பாளர். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழு காப்பாளரை நியமிக்கிறது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழை வாங்குவதும், ஓய்வூதிய ஆவணங்களில் மகன் பெயரைச் சேர்ப்பதும் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே முடியவேண்டிய வேலைகள். பிற்பாடு கருவூலத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அலையவேண்டியது அந்த மகனுக்காக வேறு யாரோதான். அரிசி ஆலைபோன்ற இடங்களில் பி.எஃப். பிடிக்கப்படும் தொழிலாளிக்கும் ஏறக்குறைய இதே நிலைமைதான்: முழுமையாக, நிரந்தரமாக முடங்கிய பிள்ளைக்கு 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டம் வயது வரம்பு பார்க்காமல் பணம் தருகிறது.

அமெரிக்க ராணுவத்திலும் ஒரு காலத்தில் டிரஸ்டுக்கு இடமில்லை. 2014 டிசம்பரில் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கான வாரிசு ஓய்வூதியத்தை அவருக்கென அமைத்த டிரஸ்டில் செலுத்தலாம். இந்தியாவும் இந்த வாசலைத் திறக்கவேண்டும். காப்பாளர் தனி ஆள். அவருக்கும் வயதாகும், அவரும் ஊர் மாறிப்போவார். டிரஸ்ட் என்றால் ஒருவருக்குப் பின் மற்றொருவர் என்று பத்திரத்திலேயே எழுதிவிடலாம்.

ஓய்வூதியத்துக்கு வெளியே உள்ள பணத்துக்கு அந்த வாசல் இங்கும் உண்டு. மாற்றுத்திறனாளிக்காக எல்.ஐ.சி. போன்ற நிறுவனங்களில் கட்டும் ஆண்டுத்தொகைத் திட்டத்துக்கு, 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவு வரிக்கழிவு தந்தது. அவர் சார்பில் பணத்தைப் பெற டிரஸ்டையே நியமிக்கலாம் என்றும் அப்பிரிவு வெளிப்படையாகச் சொன்னது. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பணம் வருவதற்கு முதலில் வழியில்லை. பெற்றோர் 60 வயதை எட்டியபிறகு பெறலாம் என்று 2022ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதைத் தளர்த்தியது.

டெல்டாக் குடும்பத்தின் பெரும் சேமிப்பு நிலம்தான். மூன்று மா நஞ்சை, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர், மகன் பெயரில் இருந்தால் அவனால் குத்தகை பேசவும் முடியாது, கொள்முதல் நிலையத்தில் நெல் போடவும் முடியாது. அதே நிலத்தை டிரஸ்டில் வைத்தால் குறுவைக்கும் சம்பாவுக்கும் வரும் பணத்தை அறங்காவலர் அவனுடைய மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் செலவிடலாம். 1882ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டப்படி, நிலத்தை உயிருடன் இருக்கும்போதே டிரஸ்டுக்கு மாற்றுவதானால் பத்திரம் பதிவு செய்யப்பட்டிருக்கவேண்டும். அறங்காவலர்கள் இருவராவது இருப்பது நல்லது. மகன் காலத்துக்குப் பின் நிலம் யாருக்குப் போகும் என்பதையும் அந்தப் பத்திரத்திலேயே எழுதிவிடவேண்டும்.