வசனம் காதில் விழ வேண்டும்

புது டிவி வாங்கிய அன்பர்கள் சங்கத்தில் பார்க்கும்போதெல்லாம் என்னிடம் சொல்லும் குறை ஒன்றுதான். படம் பளிச்சென்று இருக்கிறது, பாட்டும் நன்றாகக் கேட்கிறது, ஆனால் பேசுவது புரியவில்லை. ஒலியைக் கூட்டினால் அடிதடி சத்தமும் பின்னணி இசையும் வீட்டைத் தூக்குகின்றன. குறைத்தால் வசனம் மறைந்துபோகிறது. கடைசியில் குடும்பத்தோடு உட்கார்ந்து, கீழே ஓடும் ஆங்கில வரிகளைப் படித்துக்கொண்டு தமிழ்ப் படம் பார்க்கிறோம்.

மும்பையில் வளரும் நம் பேரக் குழந்தைகளைப் பொறுத்தவரை இது சின்ன விஷயமில்லை. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். கீழே விளையாடப் போனால் ஹிந்தி, மராத்தி. வீட்டில் நாம் பேசுகிற நாலு வார்த்தையைத் தவிர, அவர்கள் காதில் தமிழ் விழுவது பெரும்பாலும் இந்தப் பெட்டி வழியாகத்தான். அதிலும் பேச்சு குழறலாக வந்து, கதையை எழுத்தில் படித்துத் தெரிந்துகொள்வதென்றால் அந்தக் குழந்தைக்குத் தமிழ் வெறும் சத்தம்தானே? இன்னொரு பக்கம் வீட்டுப் பெரியவர்கள். வயது ஏற ஏற நம் காதில் முதலில் குறைவது மேல் ஸ்தாயி ஒலிகள். ஆகவே 'ஹோம் தியேட்டர்' வாங்குகிறவர்கள், குண்டு வெடித்தால் சோபா அதிர்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, வசனம் புரிகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதற்குச் செலவும் குறைவு.

முதலில் குறை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். பழைய குண்டு டிவியில் ஸ்பீக்கர் நம் முகத்தைப் பார்த்து இருந்தது. உள்ளே காற்றுக்கு இடமும் இருந்தது. இப்போதைய டிவி ஒல்லியானது. பெரும்பாலான மாடல்களில் சின்ன ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்பக்கமோ இருக்கிறது. ஒலி மேஜையிலும் சுவரிலும் மோதிவிட்டுத்தான் நம்மிடம் வருகிறது. அப்படி வரும்போது அடிபடுவது மெய்யெழுத்துகள். ல, ழ, ள வித்தியாசமும் ர, ற வித்தியாசமும் பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில்தான் இருக்கின்றன. பழைய டெலிபோன் லைனில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். அதிலேயே எஸ்.டி.டி. போட்டு ஊர் விஷயமெல்லாம் பேசினோமே! பேச்சு புரிவதற்குக் கனத்த 'பேஸ்' அவசியமில்லை.

ரயில்வேயில் சிக்னல், டெலிகாம் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் ஸ்டேஷன் அறிவிப்பையே உதாரணம் சொல்கிறேன். தகரக் கூரை போட்ட நீளமான பிளாட்பாரத்தில் அறிவிப்பு புரியவில்லையென்று ஒரு பெரிய ஹாரனை மாட்டி வாட்டை ஏற்றினால் எதிரொலியும் சேர்ந்து ஏறும். வண்டி நம்பரும் பிளாட்பார நம்பரும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதற்குப் பதில், சின்னச் சின்ன ஸ்பீக்கர்களை ஆட்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், குறைந்த சத்தத்தில் வைத்தால் தெளிவாகக் கேட்கும். வீட்டு ஹாலுக்கும் இதே கணக்குதான்.

கடைக்காரர் முதலில் காட்டுவது 5.1 செட். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு ஸ்பீக்கர்கள், அவற்றோடு ஒரு சப்வூஃபர், ஆக ஆறு பெட்டிகள். விலையை ஆறால் வகுத்துப் பாருங்கள், ஒவ்வொரு பெட்டியின் தரமும் புரிந்துவிடும். மேலும் நம் பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலில் சோபா சுவரை ஒட்டிக் கிடக்கிறது. பின் ஸ்பீக்கர்களை எங்கே வைப்பது? பக்கத்து வீட்டிலா? பத்து, பதினைந்தாயிரம் ரூபாய் ஒதுக்கியிருப்பவர் அந்தப் பணத்தை இரண்டே இரண்டு நல்ல ஸ்பீக்கர்களில் போடுவது மேல். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த ஜோடி கிடைக்கிறது. வயர் வேண்டாம் என்பவர்கள் சவுண்ட்பார் வாங்கலாம். அதில் நடுவில் பேச்சுக்கென்று தனி ஸ்பீக்கர் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். 5.1 ஒலிப்பதிவில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகிறது. ஏற்கெனவே 5.1 செட் வைத்திருப்பவர்கள் நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் 3 டெசிபல் கூட்டிப் பார்க்கலாம். காசு செலவில்லாத வைத்தியம்.

வாட் விஷயத்தில் ஏமாற வேண்டாம். அட்டைப்பெட்டியில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அதைப் படிக்காமலே விட்டுவிடலாம். ஆர்.எம்.எஸ். என்பதுதான் கணக்கு. 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். கவனித்துக் கேட்டால்தான் தெரியும். காதுக்கு இரட்டிப்பாகத் தோன்றவே ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். சாதாரண ஸ்பீக்கரிலிருந்து எட்டடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு, பேச்சை உரக்கக் கேட்க ஒரு வாட்டே தாராளம்.

லாமிங்டன் ரோட்டில் விசாரிக்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கடைப் பையன் துப்பாக்கிச் சண்டையும் கார் துரத்தலும் போட்டுக் காட்டுவான். நீங்கள் தமிழ்ச் செய்தி வாசிப்பைப் போடச் சொல்லுங்கள். அடுத்து 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் டி.எஸ். பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சி. குரல் ஏறி இறங்கி, ரகசியம் போலத் தணிந்து வரும் இடமெல்லாம் அதில் உண்டு. தணிந்த இடத்திலும் ஒவ்வொரு எழுத்தும் விழுந்தால் அந்த ஸ்பீக்கரை நம்பலாம். அந்தக் காலத்துப் படங்கள் ஒற்றைத் தடத்தில் பதிவானவை. அவற்றுக்கு 'சரவுண்ட்', 'ஹால்' முதலான ஜாலங்களை அணைத்துவிட வேண்டும். இல்லையேல் பாலையா கிணற்றுக்குள்ளிருந்து பேசுவார்.

வாங்கியதைவிட வைப்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. டோம்பிவிலியில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். நல்ல ஸ்பீக்கர்கள்தான். இரண்டையும் ஷோகேஸின் மேல்தட்டில், கொலு பொம்மைகளுக்கு நடுவே ஏற்றி வைத்திருந்தார். அவருடைய அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. "என்னமோ பேசிக்கறா, போ" என்று பாதியில் எழுந்து போய்விடுவாராம். பேத்தி மட்டும் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கர்களைக் கீழே இறக்கி, உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்கு, அதாவது தரையிலிருந்து சுமார் மூன்றேகால் அடியில், இரண்டு ஸ்டூல்கள் மேல் வைத்தோம். இரண்டுக்கும் இடையே ஆறடி, அங்கிருந்து சோபாவுக்கு ஏழடி. இரண்டையும் கொஞ்சம் உள்பக்கம் திருப்பிவிட்டோம்.

அப்புறம் ஹாலின் நடுவில் நின்று கை தட்டிப் பார்த்தேன். 'டங்' என்று ஒரு வால் நீண்டது. பளிங்கு மாதிரி டைல்ஸ், வெறும் சுவர், திரையில்லாத கண்ணாடி ஜன்னல். பரணில் சுருட்டிக் கிடந்த பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே விரித்தோம். ஜன்னலுக்கு கனத்த துணியில் திரை. எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி. மறுபடி தட்டினால் வால் பாதியாகக் குறைந்திருந்தது. ஸ்டூல் அவர் வீட்டிலேயே இருந்தது, திரைத்துணிக்கு மட்டும்தான் செலவு. அன்று சாயங்காலம் நாகேஷ் காட்சியைப் போட்டபோது, மாமி பேத்திக்கு முன்னால் சிரித்தார். பேத்தி, "பாட்டி, என்ன சொன்னார்?" என்று கேட்க, மாமி அதைச் சொல்லிக் காட்ட, படம் கொஞ்ச நேரம் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

வயர் வேலை சுலபம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போக வர பத்து மீட்டர் என்றால் அதன் மின்தடை 0.12 ஓம்தான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் அலங்கார வயர்களுக்கு ஒரு கும்பிடு. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஒன்றில் மாறியிருந்தால் குரல் நடுவில் நிற்காமல் அலையும், பேஸ் காணாமல் போகும்.

டிவியோடு இணைக்க எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. என்று எழுதிய துளை சிறந்தது. ஒரே ரிமோட்டில் வேலை முடியும். அது இல்லாவிட்டால் ஆப்டிகல். ஆப்டிகல் மாட்டியும் சத்தம் வராவிட்டால் பயப்படாதீர்கள். டிவி செட்டிங்கில் ஒலி வெளியீட்டை பி.சி.எம். என்று மாற்றினால் பெரும்பாலும் வந்துவிடும். ப்ளூடூத்தில் உதடு முன்னால் அசைந்து குரல் பின்னால் வரக்கூடும். இரண்டே ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள், ஓ.டி.டி. ஆப்பில் 5.1, ஸ்டீரியோ என்று இரண்டு ஒலித்தடம் இருந்தால் ஸ்டீரியோவைப் போட்டுப் பாருங்கள். பல படங்களில் வசனம் மேலே வரும்.

சப்வூஃபர் பற்றிக் கேட்பார்கள். ஃபிளாட்டில் நம் தரை இன்னொருவரின் கூரை. தாழ்ந்த ஒலி கான்கிரீட் வழியாக இறங்கும். மறுநாள் சொசைட்டி செக்ரட்டரி ஏறி வருவார். இருந்தால் 80 ஹெர்ட்ஸுக்கு மேல் அதற்கு வேலை கொடுக்காதீர்கள். ஆண் குரல் அதில் இழுபட்டு மந்தமாகும். ராத்திரி பத்து மணிக்கு மேல் 'நைட் மோட்' இருந்தால் போட்டுக்கொள்ளலாம். உரத்த சத்தத்தை அடக்கி, மெல்லிய பேச்சை மேலே கொண்டுவரும்.

எல்லாம் சரியாக வைத்த பிறகும் பெரியவர்களுக்குப் பேச்சு புரியவில்லையென்றால் அடுத்த ஸ்பீக்கர் பார்க்கக் கிளம்ப வேண்டாம். காதைச் சோதித்து ஆடியோகிராம் எடுக்க வேண்டும். பாந்த்ரா ரெக்ளமேஷனில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் 1983-லிருந்து இருக்கிறது. காது சோதனைக்கும் கேட்கும் கருவிக்கும் அங்கே விசாரிக்கலாம். காலையில் சீக்கிரமே போய்விடுவது நல்லது, ஆதார் கார்டையும் பழைய மருத்துவச் சீட்டுகள் இருந்தால் அவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.