முதல் சம்பளம் தொழிலோடு வரட்டும்!

"பையன் பத்தாவது தேறிவிட்டான், அடுத்து என்ன?" உழைப்பாளி வீடுகளில் ஆண்டுதோறும் எழுகிற கேள்வி இது. வசதி படைத்தவன் வீட்டில் இதற்கு அவசரம் இல்லை. அங்கே பிள்ளை இருபத்தைந்து வயதுவரை படிக்கலாம்; படித்த பிறகு யோசிக்கலாம். வாடகைக்காரனும் வட்டிக்காரனும் வாசலில் நிற்கிற வீட்டில் அது முடியுமா? தங்கையின் பள்ளிச் செலவும் தாயின் மருந்துச் செலவும் கண்ணெதிரே நிற்கும்போது, "நானும் சம்பாதிக்கிறேன்" என்று வாலிபன் எழுந்து நிற்கிறான். அந்தச் சொல்லை நாம் மதிக்கிறோம். தன் கையால் சம்பாதித்துத் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் என்பது குற்றமல்ல. தன்மானத்தின் தொடக்கம் அது.

ஆகவே, "காசுக்கு ஆசைப்படாதே, பொறுத்திரு" என்று உபதேசம் செய்ய நாம் வரவில்லை. நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். வருகிற காசு, எதைப் பறித்துக்கொண்டு வருகிறது?

இன்றைக்கு வரும் காசு

பதினெட்டு வயதும், லைசென்சும், ஒரு மோட்டார் சைக்கிளும் இருந்தால் போதும். செல்போன் செயலி சொல்கிற வீட்டுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை கிடைத்துவிடுகிறது. வண்டி யாருடையது? அவனுடையது. பெட்ரோல்? அவன் காசு. வண்டித் தவணை, டயர் தேய்மானம், செல்போன் செலவு? எல்லாம் அவன் தலையில். கம்பெனி அவனைத் தொழிலாளி என்று அழைப்பதில்லை, 'கூட்டாளி' என்கிறது. இலாபத்தில் பங்கில்லாத கூட்டாளி! உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். இவன் கதையும் அதுதான்.

வெயிலிலும் மழையிலும் ஓடுகிற அந்தத் தோழர்களை நாம் குறைத்துப் பேசவில்லை. அவர்களுடைய உரிமைக்கும் போராடத்தான் வேண்டும். ஆனால், இரண்டாண்டு ஓடிய பிறகு அவனுக்கு ஊரின் சந்துபொந்தெல்லாம் தெரிந்திருக்கும்; கையில் ஒரு தொழில் இருக்காதே! அதைத்தான் சொல்கிறோம்.

கையில் நிற்கும் தொழில்

இன்னொரு வழி இருக்கிறது. அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில், அதாவது நம் பேச்சு வழக்கில் ஐ.டி.ஐ.யில், பதினான்கு வயது நிரம்பியவர் சேரலாம். வெல்டர் தொழிலுக்கு ஓராண்டு; ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் தொழில்களுக்கு இரண்டாண்டு. தமிழ்நாட்டில் அரசினர் நிலையத்துப் பயிற்சியாளருக்கு மாதம் ரூ.750 உதவித்தொகை உண்டு. அது குடும்பத்தைக் காப்பாற்றாது. ஆனால் படிக்கிறவன் கைச்செலவுக்கு வீட்டில் கையேந்தாமல் இருக்கலாம்.

அதற்கு அடுத்த படிதான் முக்கியம். 1961-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் தொழிற்பழகுநர் சட்டத்தை இயற்றியது. தொழிலாளர் எண்ணிக்கை முப்பதும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம், நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து பேர்வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும் என்று 2019-இல் விதி திருத்தப்பட்டது. அந்த விதியின்படி, ஐ.டி.ஐ. சான்றிதழ் உள்ளவருக்கு மாதம் ரூ.7,000-க்குக் குறையக் கூடாது. பயிற்சி முடித்துத் தேர்வில் தேறினால், தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். இந்தியாவில் எந்த ஊர்த் தொழிற்சாலைக்கும் அதைக் கொண்டுபோய்க் காட்டலாம். காசும் வருகிறது, தொழிலும் வருகிறது.

பெயர் பயிற்சி, வேலை உற்பத்தி

சட்டம் இருக்கிறது என்று நாம் சும்மா இருந்துவிட முடியுமா? முடியாது. இந்தச் சட்டத்திலேயே பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. பழகுநர் 'பயிற்சி பெறுபவர். தொழிலாளி அல்ல' என்கிறது 18-ஆவது பிரிவு. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாதாம்! பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீரவேண்டும் என்ற பொதுவான கட்டாயமும் இல்லை. 2014-இல் திருத்தியபோதும், வேலைக்கு எடுக்கும் கொள்கையை முதலாளியே வகுத்துக்கொள்ளட்டும் என்றுதான் எழுதினார்கள்.

இந்த ஓட்டையில் முதலாளி நுழையாமல் இருப்பானா? நிரந்தரத் தொழிலாளி ஓய்வுபெற்றால், அந்த இடத்தில் ஒரு 'பயிற்சியாளர்'. அவருக்கு ஓராண்டு முடிந்தால், இன்னொரு 'பயிற்சியாளர்'. மெஷின் மாறவில்லை, வேலை மாறவில்லை. சம்பளம் மட்டும் மாறிவிடுகிறது.

மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்ததை மறந்துவிட்டோமா? மூன்றாண்டு வேலை செய்தால் முடிவில் மொத்தத் தொகை தருகிறோம், கலியாணத்துக்கு ஆகும் என்று சொல்லி ஏழைப் பெண்களை அழைத்துப்போனார்கள். விடுதியில் அடைத்து, 'அப்ரண்டீஸ்' என்று பெயர் சூட்டி, இரவும் பகலும் ஷிப்டு ஓட்டினார்கள். உடல் நலிந்து பாதியில் வீடு திரும்பிய பெண்களில் பலருக்கு வாக்களித்த தொகை கிடைக்கவில்லை. உழைத்துச் சம்பாதிக்க வந்த பெண்ணுக்குப் 'பயிற்சி' என்ற சொல் விலங்காக மாட்டப்பட்டது!

தெரிந்துகொள்ளுங்கள், தோழர்களே!

பழகுநராகச் சேரும் வாலிபர் முதலில் கேட்க வேண்டியது ஒப்பந்தப் பத்திரம். அது பதிவாக வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பழகுநருக்குப் பீஸ் கணக்கில் கூலி தரக்கூடாது. அவரை உற்பத்தி போனஸ் திட்டத்தில் இழுக்கக் கூடாது. பயிற்சி ஆலோசகரான அதிகாரியின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. ஒரு மாதத்து உதவித்தொகையை அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு உண்டு. இவை எவருடைய தயவும் அல்ல, எழுதப்பட்ட சட்டம்.

ஆனால் பதினேழு வயதுப் பிள்ளை தன்னந்தனியாக மானேஜர் முன் நின்று சட்டம் பேசுவானா? பேசமாட்டான். அவனுக்காகப் பேச வேண்டியவர் யார்? பக்கத்து மெஷினில் இருபது ஆண்டு உழைத்த மூத்த தொழிலாளிதான். "நம் சங்கத்தில் அவன் உறுப்பினன் இல்லையே" என்று ஒதுங்குவது தற்கொலைக்குச் சமம். இன்று அவனைக் குறைந்த கூலிக்கு வைத்துப் பழகிய கை, நாளை நம் கூலியிலும் கைவைக்கும்!

ஆகவே, ஒவ்வொரு தொழிற்சாலையிலும் நம் தோழர்கள் பழகுநர்களின் கணக்கை எடுக்கட்டும். எத்தனை பேர்? ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா? தொழில் கற்றுத் தருகிறார்களா, மூட்டை சுமக்க வைக்கிறார்களா? விடை தவறாக இருந்தால், சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் அது முதல் வரிசைக்கு வரட்டும். வட்டாரத்துக் கிளைகள், பத்தாவது தேறிய பிள்ளைகளின் வீடு தேடிப்போய் ஐ.டி.ஐ. மனுப் பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுக்கட்டும். தெருமுனைக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அது பெரிய வேலை.

வாலிபன் சம்பாதிக்கட்டும்; வாலிபப் பெண்ணும் சம்பாதிக்கட்டும். அந்த முதல் சம்பளம் கையில் தொழிலோடும், பத்திரத்தில் உரிமையோடும், பக்கத்தில் தோழனோடும் வரட்டும்!