நெடுஞ்சாலையில் எரியும் சிவப்பு விளக்கு: பழுது பேட்டரியிலா, ஆல்டர்நேட்டரிலா?

கொல்கத்தா: கொல்கத்தாவையும் சென்னையையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 16-இன் நீளம் சுமார் 1,700 கி.மீ. இவ்வளவு தொலைவைக் காரில் கடக்கப் புறப்படுவோர் டயர், பிரேக், என்ஜின் ஆயில் ஆகியவற்றைச் சரிபார்க்கின்றனர். பலர் கவனிக்கத் தவறுவது, பட்டறைகளில் இன்றும் 'டைனமோ' என்றே அழைக்கப்படும் ஆல்டர்நேட்டரை.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தால், உடனே புதிய பேட்டரி வாங்கிப் பொருத்துவோர் உண்டு. சில மணி நேரத்தில் அதுவும் தீர்ந்து, வண்டி மீண்டும் நின்றுவிடக்கூடும். ஏனெனில் அந்த விளக்கு பெரும்பாலும் உணர்த்துவது, மின்னேற்றம் நின்றுபோனதையே.

என்ன வேலை செய்கிறது?

என்ஜின் சுழலும்போது ஒரு பெல்ட் ஆல்டர்நேட்டரையும் சுழற்றுகிறது. அதில் உண்டாகும் மாறுதிசை மின்சாரத்தை டையோடுகள் நேர்மின்சாரமாக மாற்றுகின்றன. ரெகுலேட்டர் மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. பெல்ட் தளர்வு, கார்பன் பிரஷ் தேய்மானம், டையோடு அல்லது ரெகுலேட்டர் பழுது, பேரிங் சேதம் ஆகியவையே வழக்கமான கோளாறுகள்.

கண்டறிவது எப்படி?

முகப்பு விளக்குகள் மங்குதல், கண்ணாடித் துடைப்பான் மெதுவாதல், பெல்ட் கிறீச்சிடுதல் ஆகியன முன்னறிகுறிகள். உறுதிசெய்ய மல்டிமீட்டர் ஒன்று போதும். சில மணி நேரம் அணைத்து வைத்த வண்டியில், நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது அது பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை உயர வேண்டும். உயராமல் குறைந்துகொண்டே போனால் மின்னேற்றம் இல்லை. 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டரைச் சந்தேகிக்க வேண்டும். சில புதிய கார்களில் கணினியே மின்னேற்றத்தைக் கூட்டிக் குறைப்பதால், ஒரே அளவீட்டை வைத்து முடிவு செய்யக்கூடாது.

மீட்டர் இல்லாவிட்டாலும் ஓரளவு ஊகிக்கலாம். வேறொரு வண்டியின் பேட்டரி உதவியோடு கிளப்பிய பின், சிறிது நேரத்தில் மீண்டும் அணைந்தால் ஆல்டர்நேட்டரைப் பார்க்க வேண்டும். நாள் முழுவதும் நன்றாக ஓடி, மறுநாள் காலை மட்டும் கிளம்ப மறுத்தால் பேட்டரியைப் பார்க்கலாம். என்ஜின் ஓடும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சோதிக்கும் பழைய முறை ஆபத்தானது. அது மின்னணுப் பாகங்களைப் பாழாக்கக்கூடும்.

வழியில் செய்ய வேண்டியவை

முதலில் வெப்பமானியைக் கவனிக்க வேண்டும். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் இயக்குகிறது. அது அறுந்திருந்தால் என்ஜின் விரைவில் கொதித்துவிடும். அந்நிலையில் உடனே ஓரமாக நிறுத்துவதே சரி.

வெப்பம் சீராக இருந்தால், ஏசி, இசைக்கருவி, செல்போன் சார்ஜர் ஆகியவற்றை அணைத்துவிட்டு அருகிலுள்ள ஊருக்குச் செல்லலாம். வழியில் என்ஜினை அணைத்தால் மீண்டும் கிளப்ப முடியாமல் போகலாம். 40 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து 30 ஆம்பியர் செலவானால், கணக்கின்படி ஒரு மணி 20 நிமிடமே தாங்கும். நடைமுறையில் அதைவிடக் குறைவு. இரவில் இந்தக் கணக்கை நம்பக்கூடாது. பின்விளக்கு எரியாமல் நெடுஞ்சாலையில் நிற்கும் கார், பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்குத் தெரியாது. வண்டி நின்றுவிட்டால், எச்சரிக்கை முக்கோணத்தைத் தொலைவில் வைத்து, பயணிகளைச் சாலைத் தடுப்புக்கு அப்பால் அனுப்பிவிட்டு, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழைக்கலாம்.

கொல்கத்தாவில் வாங்கும்போது

மழைக்காலத்தில் கொல்கத்தாச் சாலைகளில் நீர் தேங்குவது வழக்கம். 2025 செப்டம்பர் 23-ஆம் தேதி முடிந்த 24 மணி நேரத்தில் நகரில் சுமார் 250 மி.மீ. மழை கொட்டியது. பல கார்களில் ஆல்டர்நேட்டர் என்ஜினின் கீழ்ப்பகுதியில் இருப்பதால், சேற்றுநீர் பேரிங்கையும் பிரஷ்ஷையும் எளிதில் கெடுக்கும். நீரில் ஓட்டிய வண்டியை நீண்ட பயணத்துக்கு முன் சோதிப்பது நல்லது.

பழைய உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற மல்லிக் பஜாரில் வாங்குவோர், கப்பியைக் கையால் சுழற்றி உரசல் ஒலி இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். எரிந்த வாடை அடித்தால் தவிர்க்க வேண்டும். ஆம்பியர் அளவு, கப்பியின் பள்ளங்கள், இணைப்புப் பிளக் மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். பிரஷ் அல்லது ரெகுலேட்டர் மட்டும் பழுதென்றால், அதை மட்டும் மாற்றினால் போதும்.

மாற்றும் முறை

என்ஜினை அணைத்து, பேட்டரியின் எதிர்மின் முனையை முதலில் கழற்ற வேண்டும். பெல்ட் செல்லும் வழியைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்வது குழப்பத்தைத் தவிர்க்கும். பெல்ட்டைத் தளர்த்தி, கம்பி இணைப்புகளையும் போல்ட்டுகளையும் கழற்றிப் புதியதைப் பொருத்திய பின், எதிர்மின் முனையைக் கடைசியாக இணைக்க வேண்டும். முற்றிலும் தீர்ந்த பேட்டரியைச் சார்ஜரில் தனியே ஏற்றிவிடுவது, புதிய ஆல்டர்நேட்டர் சூடேறாமல் காக்கும்.

பணம் கொடுக்கும் முன், என்ஜினை ஓடவிட்டு, முகப்பு விளக்கையும் ஏசியையும் போட்டு மீண்டும் வோல்ட் பார்க்க வேண்டும். அப்போதும் 13 வோல்ட்டுக்கு மேல் நிலையாக நின்றால், பயணத்தைத் தொடரலாம்.